எம்1009: ஜென் 2 விளக்கு மங்கலா எரியுது. பழசைப் பிரிச்சு சரி பண்ணலாமா, வேற வாங்கலாமா?

கரும்புகை

வண்டி 1986 செவ்ரலே எம்1009, அமெரிக்க ராணுவ வண்டி, 6.2 லிட்டர் டீசல். ரெண்டு ஆல்டர்னேட்டர் (ஜென் 1, ஜென் 2; டாஷ்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு சார்ஜ் விளக்கு), ரெண்டு பேட்டரி, 24 வோல்ட் ஸ்டார்ட்டர். வயரிங் ஒரிஜினல், யாரும் கை வைக்கல.

என்ஜின் ஓடும்போது ஜென் 1 விளக்கு சுத்தமா அணைஞ்சிடுது. ஜென் 2 முழுசா எரியறதும் இல்ல, அணையறதும் இல்ல, மங்கலா நிக்குது. 1500 ஆர்பிஎம்ல ஒவ்வொரு பேட்டரி மேலயும் தனித்தனியா மீட்டர் வச்சுப் பார்த்தது:

கீழ் பேட்டரி (நெகட்டிவ் சேசிஸுக்குப் போறது): 14.2
மேல் பேட்டரி: 13.0. ஐட்லிங்ல 12.8தான்.

குழப்பம் எங்கன்னா, வண்டி ஒரு வாரம் நின்னா இறங்கறது கீழ் பேட்டரிதான். 12.6ல இருந்து 12.0க்கு வந்துடுது. மேல் பேட்டரி 12.5லயே நிக்குது. சார்ஜ் ஏறாதது ஒண்ணு, இறங்கறது இன்னொண்ணு. பேட்டரிகளை இடம் மாத்திப் போட்டும் அதே கதை.

ஜென் 2வைக் கழட்டி பட்டறைல காட்டினதுல, பாடில எர்த் வச்சு டெஸ்ட் பல்பு போட்டுப் பார்த்துட்டு "எர்த்தே இல்ல, டைனமோ போயிடுச்சு"ன்னாங்க. பழசை எடுத்துக்கிட்டு அதே மாதிரி இருக்கற 12 வோல்ட் 100 ஆம்பியர் ஒண்ணு தர்றதா சொல்றாங்க. போல்ட் ஓட்டை, புல்லி எல்லாம் சரியா உக்காருது. வாங்கிக்கலாமா? இப்போதைக்கு பழசையே திருப்பி மாட்டி வச்சிருக்கேன்.

---

செப்புக்கம்பி

அந்தப் பழசைக் கையை விட்டு விடாதீங்க. "எர்த்தே இல்ல"ன்னு அவங்க சொன்னது அந்த ஆல்டர்னேட்டரோட கோளாறு இல்ல, அதோட அமைப்பே அதுதான்.

இந்த வண்டில ரெண்டு 12 வோல்ட் ஆல்டர்னேட்டரும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு. டிரைவர் பக்கம் இருக்கற ஜென் 1 சேசிஸுக்கும் 12 வோல்ட்டுக்கும் நடுவுல நிக்குது. அந்தப் பக்கம் இருக்கற ஜென் 2, 12க்கும் 24க்கும் நடுவுல. அதாவது ஜென் 2வோட நெகட்டிவ் சேசிஸை விட 12 வோல்ட் உசரத்துல இருக்கு. ஆனா அதோட பாடி பிராக்கெட் வழியா என்ஜின்ல, அதாவது சேசிஸ்ல உக்கார்ந்திருக்கு. அதனாலதான் உள்ள இருக்கற நெகட்டிவை பாடில இருந்து முழுசா பிரிச்சு, தனி ஸ்டட் வச்சு வெளிய கொண்டு வந்திருக்காங்க. சிவிலியன் வண்டிக்கு வர்ற 27எஸ்ஐ (எஸ்ஐ வரிசை ஆல்டர்னேட்டர்ல ஒரு மாடல்) பார்க்க அச்சு அசலா இப்படித்தான் இருக்கும், ஆனா அதுல நெகட்டிவ் பாடியோட சேர்ந்திருக்கும்.

சாதாரணதை ஜென் 2 இடத்துல மாட்டினா ரெண்டுல ஒண்ணு நடக்கும். நெகட்டிவ் கேபிளையும் பழையபடியே போட்டீங்கன்னா கீழ் பேட்டரி நேரா ஷார்ட். பேட்டரி, கேபிள், ஆல்டர்னேட்டர் பாடி, பிராக்கெட், சேசிஸ். ஸ்பேனர் கையில இருக்கும்போதே புகை வரும். "பாடிதான் எர்த் ஆச்சே, இந்த கேபிள் எதுக்கு"ன்னு அதைக் கழட்டி ஓரமா கட்டி வச்சா, 12 வோல்ட் மெஷின் மேல 24 வோல்ட் ஏறும். வோல்ட்டைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டர் செத்துப் போகும்.

ஜென் 1 இடத்துல சாதாரணது ஓடும், ஏன்னா அதோட நெகட்டிவ் எப்படியும் சேசிஸுக்குத்தான் போகுது. அதனால வண்டி ஓடினா போதும்னு அவசரம் இருந்தா, நல்லா இருக்கற ஜென் 1ஐக் கழட்டி ஜென் 2 இடத்துல போட்டுட்டு, சாதாரணதை ஜென் 1ல போடலாம். ஆனா அந்த ஜென் 1 உண்மையிலேயே பிரிச்ச நெகட்டிவ் உள்ளதுதானான்னு ஓம் மீட்டர்ல பார்த்த பிறகுதான். இடையில யாராவது மாத்தியிருக்கலாம்.

உங்க வண்டில ரெண்டு கோளாறு, ரெண்டுமே ஜென் 2க்குள்ளதான் இருக்குன்னு தோணுது. கீழ் பேட்டரி ஏன் இறங்குதுன்னா: ஜென் 2வோட நெகட்டிவ் ரெண்டு பேட்டரிக்கும் நடுப்புள்ளில கட்டியிருக்கு. உள்ள இன்சுலேஷன் லீக் ஆனா, நடுப்புள்ளில இருந்து பாடி வழியா சேசிஸுக்குக் கரண்ட் ஒழுகும். அந்தச் சுத்துல இருக்கறது கீழ் பேட்டரி மட்டும்தான். இடம் மாத்தினாலும் கீழ வந்து உக்கார்ற பேட்டரிதான் இறங்கும்.

பிரிக்கறதுக்கு முன்னாடி இந்த மூணையும் அளந்துட்டு வாங்க.

1. கீழ் பேட்டரியோட சேசிஸ் கேபிளை முதல்ல கழட்டிடுங்க. அப்புறம் ஜென் 2ல இருந்து பாசிட்டிவ், நெகட்டிவ் கேபிள், ரெண்டு பின் பிளக் எல்லாத்தையும் எடுத்து, கேபிள் முனைகளை டேப் சுத்தி வைங்க. சேசிஸ் கேபிளைத் திரும்ப மாட்டி, ஜென் 2வோட நெகட்டிவ் கேபிளுக்கும் நெகட்டிவ் ஸ்டட்டுக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல வைங்க. நல்ல மெஷின்னா பூஜ்ஜியம் காட்டணும்.

2. எல்லாத்தையும் மாட்டி என்ஜின் ஓடும்போது, மேல் பேட்டரி மேல மீட்டரை ஏசி வோல்ட்ல வைங்க. 0.1க்குள்ள இருந்தா மெயின் டயோடுகள் (ஏசியை டிசியா மாத்தறது) பரவாயில்ல. 0.5 தாண்டினா டயோட் போயிருக்கு.

3. பிளக்கைக் கழட்டி, சாவி ஆன்ல வச்சு, 1ம் நம்பர் வயர்லயும் 2ம் நம்பர் வயர்லயும் வோல்ட் வருதான்னு பாருங்க. மீட்டரோட கறுப்பு முனை சேசிஸ்ல இல்ல, ஜென் 2வோட நெகட்டிவ் கேபிள்ல. இதை மறந்தா 24ன்னு காட்டி உங்களைக் குழப்பும். 2ம் நம்பர்தான் பேட்டரி வோல்ட்டை ரெகுலேட்டருக்குச் சொல்றது. அது அறுந்திருந்தா எஸ்ஐ ரெகுலேட்டர் ஓவர்சார்ஜுக்குப் பயந்து ஃபீல்டையே (உள்ள சுத்தற காந்தக் காயிலுக்குப் போற கரண்ட்டை) நிறுத்திடும். நல்ல ஆல்டர்னேட்டரை இந்த ஒரு வயருக்காகத் தூக்கிப் போட்டவங்க நிறைய.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. எஸ்ஐ ஆல்டர்னேட்டர் பின்னாடி டி வடிவ ஓட்டை ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள திருப்புளியை விட்டு உள்ள இருக்கற தகட்டை பாடியோட தொட வச்சா ஃபுல் ஃபீல்டு கிடைக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. சாதாரண வண்டிக்கு சரி. ஜென் 2ல பாடி சேசிஸ் மட்டத்துல இருக்கறதால ஃபீல்டு காயிலுக்கு 12க்குப் பதில் 24 வோல்ட் போகும்.

---

கரும்புகை

விவரமா சொன்னதுக்கு நன்றி. அளந்தாச்சு.

லீக்: 0.34 ஆம்பியர்.
ஏசி: 0.06 வோல்ட்.
1, 2 ரெண்டு வயர்லயும் சரியா வோல்ட் வருது.

---

செப்புக்கம்பி

0.34ஐ ஒரு வாரத்தோட 168 மணி நேரத்தால பெருக்கினா 57 ஆம்பியர் அவர். உங்க கீழ் பேட்டரி 12.0க்கு வர்றதுக்கு இதுவே போதும். லீக் உறுதி.

மெயின் டயோட் பிரிட்ஜ் நல்லா இருக்கு, வயரிங்கும் நல்லா இருக்கு. விளக்கு மங்கலா எரியறதும் கொஞ்சமா சார்ஜ் வர்றதும் சேர்ந்தா என் சந்தேகம் டயோட் ட்ரையோ மேல. ஃபீல்டுக்குக் கரண்ட் கொடுக்கற மூணு சின்ன டயோடுல ஒண்ணு ஓப்பன் ஆனா இப்படித்தான் இருக்கும். இல்லன்னா பிரஷ் தேய்ஞ்சிருக்கும். எதுவா இருந்தாலும் சின்ன சாமான்தான். பிரிங்க.

---

பெல்ட்சத்தம்

எதுக்கு இந்த ரெண்டு ஆல்டர்னேட்டர் தலைவலி? ரெண்டையும் தூக்கிட்டு ஒரே 24 வோல்ட் ஆல்டர்னேட்டர், கூட ஒரு பேட்டரி ஈக்வலைசர் (ரெண்டு பேட்டரியையும் சமமா வைக்கற பெட்டி) போட்டா முடிஞ்சுது. பாகமும் எங்கயும் கிடைக்கும்.

---

செப்புக்கம்பி

@பெல்ட்சத்தம் அது ஒரு வழிதான், தப்புன்னு சொல்லல. ஆனா இந்த வண்டில ஹெட்லைட், ஹீட்டர் பிளோயர், வைப்பர் எல்லாம் 12 வோல்ட்ல ஓடுது. 24ல ஓடறது ஸ்டார்ட்டரும் ரேடியோ மாதிரி சில சாமானும்தான். அப்போ 12 வோல்ட் சுமை மொத்தமும் ஈக்வலைசர் வழியாத்தான் வரணும். ராத்திரி மழைல எல்லாம் ஒண்ணா ஓடினா 30, 40 ஆம்பியர் சுலபமா தாண்டும். 20 ஆம்பியர் ஈக்வலைசரைப் போட்டுட்டு "கீழ் பேட்டரி மட்டும் சீக்கிரம் சாகுது"ன்னு வந்து நிப்பாங்க. போடறதுன்னா 60 ஆம்பியருக்குக் குறையாம போடணும். இவருக்குக் கெட்டுப் போனது ட்ரையோவும் அழுக்கும்தான். அதுக்காக முழு சிஸ்டத்தையும் மாத்தணுமா?

---

மூன்றாவதுடயோட்

பிரிக்கும் வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் முன் பாதி, ஸ்டேட்டர் (நிலையாக நிற்கும் காயில்), பின் பாதி மூன்றுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டும்போது கோணம் மாறினால் பிராக்கெட் காதும் கேபிள் ஸ்டட்டும் இடம் மாறிவிடும். நான்கு நீள போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்டேட்டருக்கும் முன் பாதிக்கும் நடுவில் திருப்புளியை வைத்து மெதுவாக நெம்புங்கள். ரோட்டார் (சுழலும் காயில்) முன் பாதியோடு வரும், ஸ்டேட்டர் பின் பாதியோடு நிற்கும். திருப்புளி 2 மி.மீக்கு மேல் உள்ளே போனால் காயிலின் வார்னிஷைக் கீறும். பிரஷ் இரண்டும் ஸ்பிரிங்கோடு வெளியே தெறிக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் பேரிங் கிரீஸில் பட்ட பிரஷைத் துடைத்துவிட்டு மறுபடி போடாதீர்கள். எண்ணெய் குடித்த கார்பன், பிரஷ் உரசும் வளையமான ஸ்லிப் ரிங்கைக் கறுப்பாக்கும்.

பின் பாதியைத் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள், நாலைந்து கோணத்தில். பிரித்த நெகட்டிவ் உள்ள மாடலில் எந்த மின்பாகமும் பாடியைத் தொடக்கூடாது. அதற்காக ஸ்க்ரூக்களில் பிளாஸ்டிக் புஷ், பிரிட்ஜுக்கு அடியில் இன்சுலேட்டர் என்று வைத்திருப்பார்கள். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஸ்க்ரூ வந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள். சாதாரண எஸ்ஐயிலேயே ரெகுலேட்டரைப் பிடிக்கும் மூன்று ஸ்க்ரூக்களில் இரண்டில் இன்சுலேஷன் சட்டை இருக்கும், ஒன்று வெறும் ஸ்க்ரூ. மாற்றிப் போட்டால் ஓர் ஓட்டையில் சார்ஜே வராது, இன்னொன்றில் கட்டுப்பாடில்லாமல் முழு சார்ஜ் போய் பேட்டரி கொதிக்கும். புதுப் பாகம் போட்ட மறுநிமிடமே "ரெகுலேட்டர் டூப்ளிகேட்" என்று திட்டுகிறவர்கள் முதலில் இந்த ஸ்க்ரூக்களைப் பார்க்க வேண்டும்.

இப்போது சோதனை.

ரோட்டார்: ஸ்லிப் ரிங் இரண்டுக்கும் நடுவில் 12 வோல்ட் ரோட்டாருக்கு 2.4 முதல் 3 ஓம் வரை. மீட்டர் வயரின் சொந்த ஓம்ஸைக் கழித்துக்கொள்ளுங்கள், முனைகளைச் சேர்த்து வைத்தாலே 0.2, 0.3 காட்டும். ஸ்லிப் ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஓப்பன். ரிங் கறுத்திருந்தால் 400 நம்பர் உப்புத்தாள், ரோட்டாரைச் சுழற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். நிறுத்தி வைத்து ஓரிடத்தில் தேய்த்தால் அங்கே தட்டையாகி பிரஷ் குதிக்கும். கோட்டம் 0.05 மி.மீக்கு மேல் இருந்தால்தான் லேத்.

ஸ்டேட்டர்: பிரிட்ஜில் உள்ள மூன்று நட்டையும் எடுத்தால் கழன்று வரும். ஒவ்வொரு முனைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஓப்பன் இருக்க வேண்டும். முனைக்கு முனை ஓம் பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. மதிப்பு மிகச் சிறியது, டெல்டா சுற்று (மூன்று காயிலும் முக்கோணமாக இணைந்தது) என்றால் ஒரு காயில் அறுந்திருந்தாலும் மற்ற இரண்டின் வழியாக மீட்டர் தொடர்பு காட்டும். கண்ணும் மூக்கும் போதும். ஒரு ஃபேஸ் மட்டும் கருகியிருந்தால் ஷார்ட். மூன்றும் ஒரே சீராகப் பழுப்பானால் அது வயசு.

பிரிட்ஜ்: டயோட் ரேஞ்சில் ஆறும் ஒரு பக்கம் 0.5, 0.6, மறுபக்கம் ஓப்பன். சூடானால் மட்டும் லீக் ஆகும் டயோட் உண்டு, அதை இந்தச் சோதனை பிடிக்காது. உங்கள் ஏசி அளவு நன்றாக இருப்பதால் விட்டுவிடலாம்.

ட்ரையோ: தனியாக நிற்கும் ஒரு முனைக்கும் மற்ற மூன்று முனைகளுக்கும் நடுவில் ஒவ்வொன்றாக. மூன்றும் ஒரே அளவு காட்ட வேண்டும்.

பிரஷ்: புதிதின் பாதி நீளத்துக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். பிரஷின் பின்னல் வயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வகை என்றால், வயரை மூக்குக் குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வையுங்கள். ஈயம் பின்னலுக்குள் ஏறினால் வயர் குச்சி மாதிரி விறைத்து, பிரஷ் கீழே இறங்காது.

அடுத்து லீக். அநேகமாகக் கார்பன் தூள். பிரஷ் தேய்ந்த தூள், எண்ணெய்ப் படலம், ஈரம் மூன்றும் சேர்ந்து இன்சுலேட்டர் மேல் கறுப்புப் பசையாகப் படிந்து, மெல்லிய கம்பி போலக் கரண்ட்டைக் கடத்தும். ரோட்டாரையும் ஸ்டேட்டரையும் டீசலிலோ பெட்ரோலிலோ ஊறப் போடாதீர்கள், காயில் வார்னிஷ் இளகும், தூள் இன்னும் உள்ளே போகும். பழைய பல் துலக்கும் பிரஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும். புஷ்ஷைத் தனியாகக் கழற்றி விளிம்பில் பாருங்கள், கருகிய கோடு இருந்தால் கழுவினாலும் போகாது, மாற்றத்தான் வேண்டும். கழுவிய பிறகு மிதமான சூட்டில் சில மணி நேரம் காய வையுங்கள்.

பேரிங்: பிரித்த கையோடு இரண்டையும் மாற்றிவிடுங்கள். முன் பேரிங்குக்கு மேலே பொறித்திருக்கும் நம்பரைப் பார்த்தே வாங்குங்கள், சி3 இடைவெளி, இரண்டு பக்கமும் சீல், உயர்சூட்டுக் கிரீஸ். பின்பக்கம் நீடில் பேரிங். பழையதை வெளியிலிருந்து உள்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். புதியதையும் வெளியிலிருந்தே, மேலே ஒரு தட்டைத் தகடு வைத்து, பாடியின் வெளி விளிம்போடு சமமாகும்வரை பிரஸ்ஸில் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். இந்த நீடில்கள் நேரடியாக ஷாஃப்ட் மேலேயே ஓடுகின்றன. ஷாஃப்ட்டில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் நிற்காது, ரோட்டாரையே மாற்ற வேண்டியதுதான்.

மூடும்போது பிரஷ் இரண்டையும் உள்ளே தள்ளி, பின் பாதியில் உள்ள சிறு ஓட்டை வழியாக ஒரு பல்குச்சியைச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியும் சேர்ந்து போல்ட் இறுகியபின் உருவினால் பிரஷ் ரிங் மேல் உட்காரும். உருவ மறந்தால் சார்ஜ் வராது, அவ்வளவுதான். புல்லி நட் 55 முதல் 80 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட் முனையிலேயே ஆலன் கீ போட அறுகோணக் குழி இருக்கிறது, அதைப் பிடித்து இறுக்குங்கள். ரோட்டாரின் நகங்களை வைஸில் கடிக்க விடாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் கடைசிச் சோதனையாக, பாசிட்டிவ் ஸ்டட், நெகட்டிவ் ஸ்டட், 1, 2 நான்கையும் ஒரே செப்புக் கம்பியால் கட்டிவிட்டு, அந்தக் கட்டுக்கும் பாடிக்கும் நடுவில் 250 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்). 1 மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும். கட்டாமல் தனித்தனியாக மெகர் வைத்தால் அந்த 250 வோல்ட் ரெகுலேட்டருக்குள் போய்விடும். ஜாக்கிரதை.

---

எண்வேட்டை

பாகம் தேடற பக்கம் கொஞ்சம் சொல்றேன். கடைல "ராணுவ ஜீப் டைனமோ"ன்னு கேட்டா எதையாவது தருவாங்க. எண்ணோட போங்க.

ராணுவப் பாகத்துக்கு 13 இலக்க நேட்டோ இருப்பு எண் உண்டு. முதல் நாலு இலக்கம் வகை, என்ஜின் மின்சாமான்னா 2920. அடுத்த ரெண்டு இலக்கம் எண் கொடுத்த நாடு: 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ். தேடும்போது வகை எண்ணை விட்டுட்டு கடைசி ஒன்பது இலக்கத்தை மட்டும் கோடு இல்லாமலும் போட்டுப் பாருங்க, விக்கறவங்க பல மாதிரி எழுதியிருப்பாங்க. அந்த எண்ணுக்குக் கீழ தயாரிச்ச கம்பெனியோட ஐந்து எழுத்துக் குறியீடும் அவங்க சொந்தப் பாக எண்ணும் இருக்கும். இந்தக் கம்பெனி எண்தான் தங்கம். அதை வச்சு சிவிலியன் மார்க்கெட்ல தேடினா அதே சாமான் வேற பெட்டில கிடைக்கும்.

எண் எங்க கிடைக்கும்னா வண்டியோட தொழில்நுட்பக் கையேட்டுல. இந்த வரிசை வண்டிக்கு டிஎம் 9-2320-289. பின்னாடி 10ன்னா ஓட்டுநர் புத்தகம், 20ன்னா யூனிட் பராமரிப்பு, 34ன்னா அதுக்கு மேல்மட்டப் பட்டறை. கடைசில பி வந்தா பாகப் பட்டியல். 20 புத்தகம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரை முழுசா மாத்துன்னுதான் சொல்லும். அதை உடைச்சு உள்பாகம் காட்டற படம் வேணும்னா 34ல தேடுங்க.

பிரஷ், ட்ரையோ, 12 வோல்ட் ரெகுலேட்டர் மாதிரி சாமானுக்கு ராணுவ எண்ணைத் தொங்கிக்கிட்டு அலைய வேண்டாம். எஸ்ஐ வரிசை சிவிலியன் வண்டிகள்ல எக்கச்சக்கமா ஓடினது. பழசைக் கையில எடுத்துட்டுப் போய் ஓட்டை இடைவெளி, காது உயரம் ஒத்துப் பார்த்து வாங்குங்க. சிவிலியன்ல சுலபமா கிடைக்காதது ரெண்டுதான்: பிரித்த நெகட்டிவ் உள்ள பின் பாதியும், அதுக்குள்ள இருக்கற இன்சுலேட்டர் சாமானும். அதனாலதான் மேல சொன்ன மாதிரி பழசைக் கொடுக்கக்கூடாது. ஸ்டேட்டர் கருகின ஆல்டர்னேட்டர் கிடைச்சா அந்தப் பின் பாதிக்காகவே எடுத்து வைங்க.

பெட்டி பிரிக்காத பழைய ராணுவ சரக்கு கிடைச்சா சந்தோஷப்படுங்க, ஆனா நேரா மாட்டாதீங்க. பெட்டி மேல பேக் பண்ண தேதி இருக்கும். 30, 40 வருஷம் ஒரே பக்கமா படுத்துக் கிடந்ததுல பேரிங் கிரீஸ் மெழுகா இறுகியிருக்கும், பிரஷ் கூட்டுக்குள்ள ஒட்டியிருக்கும். கையால சுத்திப் பாருங்க. பிரிச்சு பேரிங் மாத்திட்டு மாட்டினா அதை விட நல்ல சாமான் கிடைக்காது.

---

இரண்டரை_டன்

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்கிட்ட இருக்கறது எம்35ஏ2 ராணுவ லாரி. 24 வோல்ட் 60 ஆம்பியர், தண்ணி புகாத பெரிய பிளக் வச்ச ஆல்டர்னேட்டர். ஸ்டேட்டர் கருகிடுச்சு. 12 வோல்ட் 27எஸ்ஐ ஒண்ணு சும்மா கிடக்கு, ரெகுலேட்டரை மட்டும் 24க்கு மாத்திப் போட்டா ஓடும்கறாங்க. சரியா?

---

மூன்றாவதுடயோட்

ஓடும். எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. ஸ்டேட்டர் கம்பியின் அதே சுற்று எண்ணிக்கையில் 28 வோல்ட் வர வேண்டுமானால் இரண்டு மடங்கு வேகம் சுற்ற வேண்டும், ஐட்லிங்கில் சார்ஜே இருக்காது. வோல்ட் போதாதபோது ரெகுலேட்டர் ஃபீல்டை முழுசாகத் திறந்து வைக்கும். 2.6 ஓம் ரோட்டார் மேல் 24 வோல்ட் என்றால் 9 ஆம்பியர் போகும், அந்த ரெகுலேட்டரும் பிரஷும் அதற்குப் பிறந்தவை அல்ல.

முறையாக மாற்றுவதென்றால் ஸ்டேட்டரை ரீவைண்டிங் செய்ய வேண்டும். சுற்று இரண்டு மடங்கு, கம்பியின் குறுக்குப் பரப்பு பாதி, அதாவது விட்டம் பழையதில் 0.7 பங்கு. ஆம்பியரும் பாதியாகும். ரோட்டாருக்கும் அதே கணக்கு, முடிவில் சுமார் 10 ஓம் வர வேண்டும். இவ்வளவும் செய்வதற்கு உங்கள் கருகிய 60 ஆம்பியர் ஸ்டேட்டரையே சுற்றக் கொடுங்கள். பழைய காயிலை அறுக்கும் முன் ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று, எத்தனை கம்பி இணையாகப் போகிறது, எத்தனை ஸ்லாட் தாண்டி இறங்குகிறது, கம்பி விட்டம் மைக்ரோமீட்டரில் எவ்வளவு, ஸ்டாரா டெல்டாவா என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். கருகிய எனாமலைச் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். வார்னிஷ் எஃப் அல்லது எச் வகுப்பு, சூளையில் சுட்டு எடுத்தது, காற்றில் காய்வது அல்ல.

முனைகளைப் பற்றவைக்க ரேடியோவுக்கு வைக்கும் 60/40 ஈயம் ஆகாது. அது 190 டிகிரிக்குள் முழுசாக உருகிவிடும். 300 டிகிரிக்குக் கிட்ட உருகும் ஈயம் அதிகமுள்ள வகையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பாடியின் உள்சுவரில் ஈயத் துளிகள் வட்டமாகத் தெறித்திருந்தால் ஏற்கெனவே ஒருமுறை முனை இளகியிருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் 60 ஆம்பியர் மாடலில் ரெகுலேட்டர் ரெசினில் புதைந்த கட்டியாக வரும், அதைப் பிரித்து ரிப்பேர் பார்க்கும் ஆசை வேண்டாம். மூடும்போது ஓ-ரிங் அனைத்தும் புதிது. இது ஆற்றில் இறங்க அடைத்துச் செய்த மெஷின், ஒரு ஓ-ரிங் விட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை.

---

செப்புக்கம்பி

@இரண்டரை_டன் ஸ்டேட்டர் ஏன் கருகிச்சுன்னு முதல்ல பாருங்க. ரெண்டு பேட்டரில ஒண்ணுல இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஏதாவது ஓட்டறீங்களா? அப்படின்னா கீழ் பேட்டரி எப்பவும் பசியோட இருக்கும், மேல்து கொதிக்கும். சாகற பேட்டரி உள்ள வண்டில ஆல்டர்னேட்டர் நாள் பூரா முழு ஆம்பியர் தள்ளிக்கிட்டே இருக்கும். 24ல இருந்து 12க்கு ஒரு கன்வர்ட்டர் வச்சு எடுங்க.

---

இரண்டரை_டன்

ஆமா, செட்டும் விளக்கும் ஒரு பேட்டரில இருந்துதான். புரிஞ்சுது.

---

கரும்புகை

பிரிச்சாச்சு. ரோட்டார் 2.7 ஓம், ஷாஃப்ட்டுக்கு ஓப்பன். ஸ்டேட்டர் சுத்தம். ட்ரையோல ரெண்டு 0.55, மூணாவது ரெண்டு பக்கமும் ஓப்பன். பிரஷ் ஒண்ணு பாதிக்கும் கீழ. லீக் எங்கன்னா, பிரிட்ஜைப் பிடிக்கற ஸ்க்ரூவோட புஷ் விளிம்புல முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. ஆல்கஹால்ல தேய்ச்சும் போகல.

அந்த புஷ் தனியா கிடைக்கல. ஃபைபர் கம்பியை லேத்ல கடைஞ்சு போடலாமா?

---

மூன்றாவதுடயோட்

போடலாம். கிளாஸ் ஃபைபர் எபாக்ஸி கம்பி என்றால் நல்லது. நைலான் வேண்டாம், டயோட் சூட்டில் தளர்ந்து ஸ்க்ரூவின் இறுக்கம் போய்விடும். இறுக்கம் போனால் அந்த இணைப்பு சூடாகி பிரிட்ஜே போகும். பழைய புஷ்ஷின் தோள் தடிமனைக் குறைக்காதீர்கள்.

---

கரும்புகை

மாட்டியாச்சு. மெகர்ல 20 மெகா ஓமுக்கு மேல காட்டுச்சு. ரெண்டு பேட்டரியையும் வெளி சார்ஜர்ல முழுசா ஏத்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணேன்.

1500 ஆர்பிஎம்: கீழ் 14.2, மேல் 14.3, மொத்தம் 28.5. ஏசி 0.04. ஜென் 2 விளக்கு அணைஞ்சிடுது. நிக்கும்போது நெகட்டிவ் கேபிள்ல கரண்ட் 0.00.

ஒரே ஒரு சந்தேகம்: சாவி ஆன் பண்ணதும் ஜென் 2 எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் உடனே அணையல. ஆக்ஸிலரேட்டரை ஒரு தடவை லேசா மிதிச்சா அணையுது.

---

செப்புக்கம்பி

புதுப் பிரஷ் இன்னும் ரிங்ல முழு முகமா உக்காரல. ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பாருங்க. அப்பவும் அப்படியே இருந்தா டாஷ்ல இருக்கற ஜென் 2 பல்பைக் கழட்டிப் பாருங்க, யாராவது எல்.இ.டி. போட்டிருப்பாங்க. ஃபீல்டைத் தொடக்கத்துல உசுப்பி விடற கரண்ட் அந்த பல்பு வழியாத்தான் வருது, எல்.இ.டி. விடற கரண்ட் அதுக்குப் போதாது. பழைய இழை பல்பையே போடுங்க. பெல்ட்டையும் ஒரு வாரம் கழிச்சு மறுபடி இறுக்கணும்.